கைவிடப்பட்ட மகளின் கடன்

தாய் தந்தையரை மதித்து நடக்க வேண்டும் எனும் நான்காம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் மனனம் செய்த நாள்முதல், அதனை ஐயத்திற்கு இடமற்றதாகவே நாம் கருதி வந்திருக்கிறோம். பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் கடன்பட்டவர்கள். பிறந்த மண்ணுக்கு மக்கள் கடன்பட்டவர்கள். ஆனால், பெற்றவர்களே தூக்கி எறிந்துவிட்ட பிள்ளைக்கும் இக்கடன் உண்டா? வாழ வழி காட்டாது வெளியே தள்ளிய நாடு, பின்னொரு நாளில் வந்து உரிமை கொண்டாடினால், அப்பிள்ளை என்ன விடை கூற வேண்டும்? இவ்வினாவை ஆழமாக எழுப்பும் தொன்மம் ஒன்று கொரிய மக்களிடையே வழங்குகிறது. நாடு கடந்து சிதறிய கொரியரின் வாழ்வைப் பேசும் இக்கால இலக்கியம் அத்தொன்மத்தை மீண்டும் கையில் எடுத்திருப்பது தற்செயலன்று.

அது பாரி இளவரசியின் கதை. பெயரொற்றுமை கண்டு பறம்பு மலை வள்ளலை நாம் நினைத்துவிட வேண்டியதில்லை. கொரிய மொழியில் ‘எறிந்துவிடுதல்’ எனப் பொருள்படும் சொல்லோடு தொடர்புடைய பெயர் இது. அரசன் ஒருவனுக்கு அடுத்தடுத்து ஆறு பெண்கள். ஏழாவதும் பெண்ணாகவே பிறக்க, சினமுற்ற அரசன் அச்சிசுவைப் பேழையில் இட்டு நீரில் விடச் செய்கிறான். ஏழை முதியவர் இருவர் அவளை எடுத்து வளர்க்கின்றனர். ஆண்டுகள் கழிகின்றன. அரசனும் அரசியும் தீராத நோயில் வீழ்கின்றனர். மறுவுலகத்து உயிர்நீர் ஒன்றே அதற்கு மருந்து. அரண்மனையில் வளர்ந்த ஆறு மக்களும் போக மறுக்கின்றனர். எறியப்பட்ட ஏழாவது மகளின் நினைவு அப்போதுதான் வருகிறது.

இறந்தோரின் ஆன்மாவை வழியனுப்பும் சடங்கில் ‘மூதாங்’ எனப்படும் பூசாரிப் பெண்கள் இக்கதையைப் பாடி வருகின்றனர். ஊருக்கு ஊர் அது சற்றே மாறும். சியோல் பகுதியில் பாடப்படும் வடிவத்தில் நம் சிந்தனைக்குரிய இரு செய்திகள் உள்ளன. பெற்றோர் தேடுகின்றனர் என்று கேட்டதும் பாரி ஓடிச்சென்று தழுவிக்கொள்ளவில்லை. அவர்களே தன்னைப் பெற்றவர்கள் என்பதற்குச் சான்று கேட்கிறாள். இரத்தத்தோடு இரத்தம் கலந்து ஒன்றான பின்னரே நம்புகிறாள். இது முதற்செய்தி. பயணத்திற்கு இசையும்போது அவள் காட்டும் காரணம் இரண்டாவது. நாட்டிற்குத் தான் எக்கடனும் பட்டதில்லை என்றும், தாயின் வயிற்றில் பத்து மாதம் இருந்ததை எண்ணியே போவதாகவும் அவள் கூறுகிறாள். ‘பத்து மாதம் சுமந்தவள்’ என்று பேசிப் பழகிய நமக்கு இதன் கனம் உடனே விளங்கும். அரண்மனை அவளிடம் கேட்கக்கூடியது ஒன்றுமில்லை. உயிர் கிடைத்ததற்கு அவளாகவே செலுத்த விரும்பும் நன்றி மட்டும் எஞ்சியிருக்கிறது.

மறுவுலகில் உயிர்நீரைக் காப்பவன் அதனை எளிதில் தரவில்லை. மூன்றாண்டு தண்ணீர் சுமந்து, மூன்றாண்டு தீ வளர்த்து, மூன்றாண்டு விறகு வெட்டி, அவனுக்கு ஏழு ஆண்மக்களையும் பெற்றுத் தருகிறாள் பாரி. முடிவில் அவள் அறிவது என்ன? இத்தனை காலமும் நாள்தோறும் தான் சுமந்த தண்ணீரே அந்த உயிர்நீர்! திரும்பி வருகையில் பெற்றோரின் பாடை எதிரே வருகிறது. அவர்களை அவள் எழுப்புகிறாள். மகிழ்ந்த அரசன் நாட்டில் பாதியைத் தருவதாகக் கூற, அவள் ஏற்கவில்லை. இறந்தோரை மறுகரை சேர்க்கும் வழித்துணையாவதையே தேர்ந்துகொள்கிறாள். அரண்மனையும் அவளுக்கு வீடாகவில்லை, மறுவுலகும் வீடாகவில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட வழியே அவள் வாழும் இடமாகிறது.

இத்தகைய இடைவழியில் வாழ நேர்ந்த கொரியர் பலர். 1903-ஆம் ஆண்டில் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் உண்டு. 1910 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் மஞ்சூரியாவிற்கும் ஜப்பானுக்கும் சென்றவர்கள் உண்டு. சோவியத் நாட்டின் கீழ்க்கோடியில் குடியேறியிருந்த ஏறத்தாழ 1,70,000 கொரியரை ஸ்டாலின் அரசு 1937-இல் நடு ஆசியாவிற்குப் பெயர்த்தெறிந்தது. 1953-இல் போர் ஓய்ந்தபின் இன்னொரு சிதறல் தொடங்கியது. தென்கொரியாவிலிருந்து குறைந்தது 1,40,000 குழந்தைகள் மேலை நாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்டனர். பெற்றோர் உயிரோடிருந்தும் அநாதை என்று பதியப்பட்டவர்கள் அவர்களுள் உண்டு என்பதை அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் வெளிப்படுத்தியது. வளர்ந்து ஆளான அம்மக்களுள் பலர் இன்று மரபணுச் சோதனையின் துணையோடு தாயைத் தேடுகின்றனர். பாரி கேட்ட இரத்தச் சான்று அவர்களைப் பொறுத்தவரை பழங்கதையன்று.

இத்தொன்மத்தின் சாயலை அமெரிக்க மண்ணில் எழுதப்பட்ட ஒரு நூலில் காண்கிறோம். தெரேசா ஹாக் க்யுங் சா 1951-இல் பூசான் நகரில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, சான் பிரான்சிஸ்கோவில் கத்தோலிக்கக் கன்னியர் பள்ளியில் பயின்றவர். அவரது ‘டிக்டே’ 1982-இல் வெளிவந்தது. அதே ஆண்டில், தம் முப்பத்தொன்றாம் வயதில், அவர் நியூயார்க்கில் கொலையுண்டார். கிரேக்கக் கலைத்தேவியர் ஒன்பதின்மரை ஒட்டி வகுக்கப்பட்ட அந்நூலில் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவும், ஜோன் ஆஃப் ஆர்க்கும், 1919-ஆம் ஆண்டு விடுதலை எழுச்சியில் பங்கேற்றுச் சிறையில் மாண்ட இளம்பெண் யூ க்வான்-சுனும் அருகருகே நிற்கின்றனர். மஞ்சூரியாவில் கொரியப் பெற்றோருக்குப் பிறந்து, தாய்மொழி பேசத் தடையிருந்த காலத்தில் ஆசிரியையாகப் பணிபுரிந்த தம் தாயையும் ஆசிரியர் அங்கே அமர்த்துகிறார். இறுதிப் பகுதியில் நோயுற்ற தாய்க்கு மருந்து தேடிச் செல்லும் சிறுமி ஒருத்தி வருகிறாள். கிணற்றடியில் ஒரு பெண் அவளுக்கு நீரும் மருந்தும் தந்து அனுப்புகிறாள். திறனாய்வாளர் பலர் அச்சிறுமியிடம் பாரியைக் கண்டனர். அந்நியமொழியில் எழுத நேர்ந்த மகள், பேச்சிழந்த தாய்க்குச் சொல்லையே மருந்தாகக் கொணர்கிறாள் என்று நாம் அதனை வாசிக்கலாம்.

ஹ்வாங் சொக்-யோங் இத்தொன்மத்தை வெளிப்படையாகவே எடுத்தாள்கிறார். 1943-இல் மஞ்சூரியாவில் பிறந்த அவர், 1989-இல் வடகொரியா சென்றமையால் தாயகம் திரும்ப இயலாமல் பெர்லினிலும் நியூயார்க்கிலும் தங்கி, 1993-இல் திரும்பியபோது சிறைப்பட்டு 1998-இல் விடுதலை பெற்றவர். 2007-இல் வெளிவந்த அவரது நாவலின் நாயகி, வடகொரியக் குடும்பமொன்றின் ஏழாவது மகள். பிறந்தவுடன் காட்டில் விடப்பட்டு மீட்கப்பட்ட அவளுக்குப் பாட்டி இட்ட பெயரும் பாரியே. பஞ்சத்தில் சொந்தங்களை இழந்து, சீனா வழியே கப்பலில் கடத்தப்பட்டு இலண்டனை அடைகிறாள். அங்கே அயலாரின் கால்களைப் பிடித்துவிட்டுப் பிழைக்கிறாள். பாகிஸ்தானியக் குடும்பத்து முஸ்லிம் ஒருவரை மணக்கிறாள். அவள் தேடும் உயிர்நீர் ஓர் அரசனுக்கோ ஒரு நாட்டிற்கோ உரியதன்று. போரும் பசியும் காயப்படுத்திய எல்லாருக்கும் உரியது.

இங்கே நாம் விழிப்பாயிருக்க வேண்டும். பாரியின் கதையைப் பிள்ளைப்பாசத்திற்கு எடுத்துக்காட்டாக மட்டும் போதிப்பது எளிது. கைவிட்டவர்களுக்கும் அது வசதியானது. துன்புற்றவரிடமே மேலும் தியாகம் கேட்டு, துன்புறுத்தியவரை வினவாமல் விட்டுவிடும் அறம் அறமாகாது. ‘நான்காம் கட்டளை நிபந்தனை ஏதும் விதிக்கவில்லையே’ என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். எனினும் அக்கட்டளை பிள்ளையின் உள்ளத்தோடு இறைவன் பேசுவது. பெற்றோர் கையில் கொடுக்கப்பட்ட கடன்பத்திரமன்று. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் பிள்ளைகளின் கடமையைச் சொன்ன கையோடு தந்தையரின் கடமையையும் சொல்வது இதனால்தான்.

விவிலியத்திலும் விற்கப்பட்ட பிள்ளை ஒருவர் உண்டு. இருபது வெள்ளிக்காசுக்கு யோசேப்பை விற்ற சகோதரர்கள் பஞ்சகாலத்தில் அவர்முன் வந்து நிற்கின்றனர். அவர் தானியம் தர மறுக்கவில்லை. ஆனால் உடனே தம்மை வெளிப்படுத்தவும் இல்லை. பழைய குற்றத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு, பென்யமினுக்குப் பதிலாகத் தன்னையே அடிமையாகத் தர யூதா முன்வந்த பின்னரே வாய்விட்டு அழுகிறார். பசிக்கு உணவு காத்திருக்கவில்லை. உறவுதான் உண்மைக்காகக் காத்திருந்தது. அதன் பின்னும் யோசேப்பு கானானில் குடியேறவில்லை. வாழ்வை எகிப்தில் கழித்து, எலும்புகளை மட்டும் கொண்டுபோகச் சொன்னார். பாதி நாட்டை மறுத்த பாரி அவருக்குத் தொலைவில் இல்லை.

பிற சமயச் சடங்கில் பாடப்படும் கதையிலிருந்து நாம் கற்கலாமா என்று தயங்குவோர்க்கு, பிற மக்களின் மரபுகளில் மறைந்துள்ள வார்த்தையின் விதைகளைக் கண்டறியுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அழைத்ததை நினைவூட்டலாம். கொரியத் திருச்சபையும் இவ்வினாவில் இரத்தம் சிந்தியதே. முன்னோரின் நினைவுப் பலகைகளை எரித்த யுன் ஜி-சுங், பெற்றோரை மதியாதவர் எனப் பழிக்கப்பட்டு 1791-இல் கொல்லப்பட்டார். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை அருளாளராக உயர்த்தினார். முன்னோர் வணக்கத்தைப் பற்றிய திருச்சபையின் நிலை 1939-இல் மாறியது. ஆயினும், பெற்றோருக்கும் அரசனுக்கும் மேலே உண்மை உண்டு என்ற அவரது சாட்சியம் மாறவில்லை.

ஆகவே, கைவிடப்பட்ட மகளுக்குக் கடன் உண்டா எனும் வினாவிற்கு விடை இதுவாகலாம்: அவள் தர விரும்பினால் தரலாம், கைவிட்டவர் அதனைக் கேட்டு வாங்க இயலாது. கேட்கும் தகுதி அவருக்கில்லை. உண்மையை ஒளியாமல் கூறும் கடமையே அவருக்குண்டு. மறைக்கப்பட்ட ஏட்டைத் திறப்பது, திருத்தப்பட்ட பெயரைத் திருப்பித் தருவது, தேடி வருபவள் சான்று கேட்கும்போது சினவாதிருப்பது ஆகியவை குடும்பத்திற்கும் நாட்டிற்கும் திருச்சபை நிறுவனங்களுக்கும் ஒருங்கே பொருந்தும். அதன்பின் அவள் உயிர்நீரோடு வரலாம், வாராமலும் போகலாம். வந்தாலும் நம் வீட்டிலேயே தங்கிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாகாது.