பெட்டியில் இருக்க வேண்டிய நாணயம்

 

பாங்கு சொன்னால் கடையை அடைக்கிறோம், தொழுதுவிட்டுத் திறக்கிறோம். ஆனால் பாங்கி அடைத்துவிட்டால் நம் கடையின் கதி என்ன என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? இது வெறும் பணக் கணக்கு, மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாமும் நினைத்திருந்தோம். சம்பந்தம் உண்டு என்பதை நமக்கே நேர்ந்த ஒரு சம்பவம் உணர்த்திற்று. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்லுகிறோம்.

லுக்குட் வட்டாரத்துத் தோட்டமொன்றிலிருந்து பல வருஷங்களாக நம் கடைக்குச் சாமான் வாங்க வரும் ஓர் அம்மாள், மகளின் படிப்புச் செலவுக்கென்று மாதந்தோறும் ஐம்பதும் நூறுமாக நம்மிடம் கொடுத்து வைத்தார். "உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும் பாய்" என்பார். 800 வெள்ளி சேர்ந்திருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, மகள் மறுநாள் காலை கல்லூரி விடுதிக்குப் புறப்படுகிறாள் என்று சொல்லிப் பணத்தைக் கேட்டு வந்தார். பணம் பாங்கியில் இருந்தது. வாடிக்கைக்காரர்கள் இப்போது கைப்பேசியிலேயே பணம் செலுத்திவிடுவதால் கல்லாவில் எழுபது வெள்ளிகூட இல்லை. பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு ஓடினோம். அது வேலை செய்யவில்லை. கைப்பேசி வழியாக அனுப்பப் பார்த்தோம், அதுவும் நடக்கவில்லை. "திங்கட்கிழமை வாங்கம்மா" என்று அனுப்பினோம்.

திங்கட்கிழமை எல்லாம் சரியாயிற்று. 800 வெள்ளியையும் எண்ணிக் கொடுத்தோம். "பரவாயில்லை பாய்" என்றார். அப்போதுதான் அவர் காதைக் கவனித்தோம். தோடு இல்லை. அது அடகுக் கடைக்குப் போயிருந்தது.

சகோதரர்களே! நம் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே 800 வெள்ளி என்று எழுதியிருந்தது பொய்யல்ல. பாங்கியிலும் அதற்கு மேலேயே இருந்தது. ஆனால் கேட்ட வேளையில் கொடுக்க முடியாத அமானத், அவரைப் பொறுத்தவரை இல்லாத பணந்தானே!

அமானத்தின் தன்மையை அறிய ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பார்ப்போம். மக்கத்துக் குறைஷிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உயிருக்கே குறிவைத்திருந்தனர். அந்த ஊராரின் பொருள்களோ பெருமானாரிடமே அமானத்தாக இருந்தன. ஊரை விட்டுப் புறப்படும் அந்த வேளையிலும் அலீ (ரலி) அவர்களைப் பின்னால் நிறுத்தி, உரியவர்களிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வரும்படி ஏற்பாடு செய்தார்கள். சூழ்நிலை சரியில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெருமானார் சொல்லவில்லை.

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு வியாபாரிகளாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜனங்கள் அவர்களிடம் பணத்தை அமானத்தாக வைக்க வருவார்கள். அவர்களோ, "இது தொலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன், கடனாகவே வாங்கிக்கொள்கிறேன்" என்னும் கருத்துப்படச் சொல்லி வாங்குவார்கள். அமானத்துப் பொருள் வைத்திருப்பவரின் குற்றமின்றித் தொலைந்தால் நஷ்டம் வைத்தவருக்கு. கடனென்றால் நஷ்டம் வாங்கியவருக்கு. அந்த நஷ்டத்தை அவர்கள் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்கள். வஃபாத்தானபோது 22 லட்சம் கடன் இருந்ததாக புகாரீ ஷரீபில் காண்கிறோம். மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்றுக் கடனையெல்லாம் அடைத்தார்கள். அதன் பிறகும் வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்காமல், நான்கு ஹஜ்ஜுக் காலங்களில், "ஸுபைருக்குக் கொடுத்தவர்கள் யாரேனும் உண்டா?" என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். 'இயந்திரம் ஓடவில்லை' என்று நாம் சொன்ன சாக்கு அந்தச் சபையில் எடுபடுமா?

'அல்லாஹ் பார்த்துக்கொள்வான், முன்கூட்டியே பணத்தைக் கட்டிவைப்பது தவக்குலுக்குக் குறைவல்லவா?' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாகவும் ஹதீஸ் உண்டு. யூஸுப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டுக்குச் சொன்ன யோசனையும் திருமறையில் இருக்கிறது. ஏழு செழிப்பான வருஷங்களில் உண்பதற்கு வேண்டிய கொஞ்சம் போக மீதியைக் கதிரோடு விட்டு வைத்தால், அடுத்த ஏழு பஞ்ச வருஷங்களைக் கடக்கலாம் என்றார்கள். செழிப்பு நாளில் சேர்த்ததே பஞ்ச நாளில் ஊரைக் காத்தது. அந்தக் களஞ்சியம் ஊருக்காக இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

பாங்கிகள் அடைபடும் என்பது வெறும் பயமா? 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர். இந்நாட்டில் 1986இல் வைப்புப் பணம் பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் நின்றபோது, அட்டை மட்டும் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். கையில் காசு இருந்தவர்கள் ரொட்டி வாங்கினார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் நோட்டாக மாற்றிப் பெட்டியில் பூட்டலாமா? அதற்கும் நம் பெரியவர்கள் பட்ட பாடே பதில் சொல்லும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். வெள்ளைக்காரப் பாங்கிகள் கிளைகளை மூடிக்கொண்டு சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. கணக்கில் பணமிருந்தும் அன்று கைக்கு வரவில்லை. பிறகு வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு வந்தது. நாளாக நாளாக நோட்டுப் பெருகிற்று, மதிப்புக் குறைந்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அது செல்லாக் காசாயிற்று. கட்டுக்கட்டாகச் சேர்த்தவர்கள் அதைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள். யுத்தத்துக்கு முந்திய கடனை ஜப்பான் நோட்டில் அடைத்த வழக்குகளைத் தீர்க்க 1948இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. பின்னாளிலும் 500, 1000 வெள்ளி நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் இந்நாட்டில் செல்லாதவையாயின. 2016 நவம்பர் 8 இரவு இந்தியாவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, ஊரில் நம் தாய்மார் சேலை மடிப்பில் வைத்திருந்த சிறுவாட்டுக் காசு பாங்கி வாசலில் வரிசை நின்றது.

ஆகவே பாங்கியும் ஒரு நாள் அடைபடும். நோட்டும் ஒரு நாள் செல்லாமற் போகும். எல்லா முட்டுக்கும் ஒரே தூணை நம்புவது வியாபார புத்தியாகாது. நாம் இப்போது கைக்கொண்டிருக்கும் முறையைச் சொல்லுகிறோம்.

முதலாவது, பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த பணம் தனி உறையில், பெயரும் தொகையும் தேதியும் எழுதி, முழுமையாகக் கடையிலோ வீட்டிலோ இருக்கும். அதைக் கொள்முதலுக்குத் தொடுவதில்லை. தொகை பெரிதானால், உரியவரையே அழைத்துப்போய் அவர் பெயரிலேயே பாங்கிக் கணக்குத் திறந்து கொடுக்கிறோம். இரண்டாவது, கடைப்பிள்ளைகளின் ஒரு மாதச் சம்பளமும், வீட்டின் ஒரு மாதச் செலவும் ரொக்கமாக இருக்கும். ஒன்று, ஐந்து, பத்து வெள்ளி நோட்டுகளாகவே பெரும்பகுதி. இருட்டில் நூறு வெள்ளிக்குச் சில்லறை யார் தருவார்? கரையானும் ஈரமும் அண்டாதபடி வைத்து, அவ்வப்போது பழைய நோட்டை மாற்றிக்கொள்கிறோம். வீட்டில் இன்னொருவருக்கு இடம் தெரியும், ஊருக்குத் தெரியாது. மூன்றாவது, மீதிப் பணம் இரண்டு பாங்கிகளில். பி.ஐ.டி.எம். என்னும் வைப்புக் காப்பு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அதன் உறுப்பினர் பாங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை காப்பு உண்டு. நம் பாங்கி அதில் உறுப்பினரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இதற்கு மேல் பெட்டியை நிரப்பினால் அது வேறு விஷயம். பொன்னையும் வெள்ளியையும் குவித்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்களுக்குத் திருமறை விடுக்கும் எச்சரிக்கை கடுமையானது. பெட்டியிலுள்ள நம் சொந்தப் பணமும் ஜகாத்துக் கணக்கில் சேரும். மற்றப் பணத்தோடு கூட்டி நிஸாபை எட்டி ஒரு வருஷம் கழிந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஏழையுடையது. நெருக்கடி நாளில் பக்கத்துக் கடைக்காரர் சம்பளம் கொடுக்கத் தவித்தால், அந்தப் பெட்டி அவருக்கும் திறக்க வேண்டும். அன்றும் திறக்காத பெட்டியை என்றைக்குத் திறப்பது?

இன்னொன்று. 'அந்தப் பாங்கி விழப்போகிறதாம்' என்று கைப்பேசியில் வந்ததை ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பாதிருப்போம். வந்த செய்தியைத் தெளிவாக விசாரிக்கச் சொல்வது திருமறை. நன்றாயிருக்கும் பாங்கியும் வதந்தியால் ஒரே நாளில் தள்ளாடும். அமைதியான நாளில் கொஞ்சங் கொஞ்சமாக ஒதுக்கி வைத்தவனுக்குக் கலவர நாளில் வரிசையில் முண்டியடிக்கும் தேவையும் இராது.

தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் வாக்குத் தவறாமையும் அதுவே. லுக்குட்டில் ஈயம் செழித்தது, போயிற்று, பால்மரம் வந்தது, இன்று செம்பனை நிற்கிறது. மாறிமாறி வந்த அத்தனை காலத்திலும் தோட்டத்து ஜனங்கள் நம்மவர் கடையைத் தேடி வந்தது, 'பாய் ஏமாற்றமாட்டார்' என்ற ஒரே நம்பிக்கையால். அந்த நாணயத்தைக் காப்பாற்றவே இந்த நாணயம் பெட்டியில் இருக்க வேண்டும்.

அந்த அம்மாளின் தோட்டை வட்டியும் முதலுமாகக் கட்டி மீட்டுக் கொடுத்தோம். வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தோம். இன்றும் நம்மிடமே பணம் வைக்கிறார். அந்த உறையை மாலைதோறும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறோம்.

கேட்ட வேளையில் அமானத்தைத் திருப்பிக் கொடுக்கும் கைகளாக நம் கைகளை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.