கொடுக்கும் கையும் கொள்ளும் கையும்

வறியவனுக்கு உதவுவது அறம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆயின், உதவி செய்தவன் அந்த வறியவனின் அடுப்பங்கரைக்குள் நுழைந்து, எதைச் சமைப்பது, எவரிடம் வாங்குவது என்று கட்டளையிடத் தொடங்கினால், அதனையும் அறம் என்போமா? தனி மனிதரிடையே எழும் இக்கேள்வி நாடுகளிடையேயும் எழுகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய கானாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

1957இல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட கானா, சொந்தக் காலில் நிற்கத் துடித்தது. அதன் தலைவர் இன்க்ருமா, வோல்டா ஆற்றின் குறுக்கே அகோசோம்போவில் பேரணை எழுப்பினார். உலக வங்கியும் அமெரிக்காவும் பிரிட்டனும் கடன் தந்தன. 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அணை திறக்கப்பட்டது. அதற்காக ஏறத்தாழ 80,000 மக்கள் வீடும் நிலமும் இழந்து இடம்பெயர்ந்தனர். மின்சாரத்தின் பெரும்பகுதியோ, தேமா நகரில் அமெரிக்க நிறுவனங்கள் நிறுவிய அலுமினிய ஆலைக்கு மலிவு விலையில் சென்றது. கானாவின் மண்ணிலேயே பாக்சைட் தாது இருந்தும், ஆலைக்கு வேண்டிய அலுமினா கடல் கடந்து வந்தது! அணை நாட்டுக்கு ஒளி தந்ததை மறுப்பதற்கில்லை. அதன் முழுப்பயனும் நாட்டுக்குக் கிட்டவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை.

அயலார் உதவியெல்லாம் சூழ்ச்சியே என்று கூறுவதும் நேர்மையாகாது. இந்தியாவிலும் ஒரு காலத்தில் மக்களை வாட்டிய நரம்புச் சிலந்தி நோய், 1989இல் கானாவில் ஏறத்தாழ 1,80,000 பேரைப் பீடித்திருந்தது. வெளியார் பொருள் தந்தனர். உள்ளூர்த் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று குடிநீரை வடிகட்டிப் பருகக் கற்பித்தனர். 2015இல் அந்நோய் கானாவில் ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வந்த உதவி, வந்த வேலையை முடித்தது.

கோழிப்பண்ணையாளரின் கதையோ வேறு. 1983 முதல் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் காட்டிய வழியில் கானா தன் சந்தையைத் திறந்துவிட்டது. உழவர் மானியங்களைக் குறைத்தது. மானியத்தில் வளர்ந்த வேளாண்மையுடைய செல்வ நாடுகளிலிருந்து உறைந்த கோழி இறைச்சி மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர்ப் பண்ணைகள் நலிந்தன. 2003இல் நாடாளுமன்றம் இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்த்தியது. பன்னாட்டு நிதியம் அதனை ஏற்கவில்லை; விரைவிலேயே அவ்வரி நிறுத்தப்பட்டது.

மலிவான இறைச்சி ஏழைக்கு நன்மைதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் அந்த நன்மையையும் பண்ணையாளரின் பிழைப்பையும் சீர்தூக்கிப் பார்க்கும் உரிமை எவருடையது? கானா மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தினுடையது அன்றோ? உதவியின் பெயரால் அவ்வுரிமை பறிபோகுமாயின், கொடுத்ததைக் காட்டிலும் எடுத்துக்கொண்டது பெரிதாகிவிடுகிறது.

கொள்ளும் கைக்கும் கடமை உண்டு. 2004இல் கடன் தள்ளுபடிக்குத் தகுதி பெற்ற கானா, பின்னர் உலகச் சந்தையில் மீண்டும் பெருங்கடன் வாங்கியது. 2022 டிசம்பரில் வெளிக்கடனின் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. 2023இல் 300 கோடி டாலர் உதவிக்காக அதே பன்னாட்டு நிதியத்தின் வாசலில் நின்றது. நோய்த்தொற்றும் உலக விலையேற்றமும் காரணங்களே எனினும், ஆட்சியாளரின் அளவு மீறிய செலவை மூடி மறைக்க இயலாது.

உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேற்பட்டது கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைகிறது. சாக்லேட்டின் விலையில் உழவரை அடைவது சிறு பங்கே. உழைத்தவனுக்கு உரிய விலையைக் குறைத்துவிட்டு, பின்னர் அவனுக்கே தானம் வழங்குவது ஈகையாகுமா? முதலில் நியாய விலை. அதற்குப் பின்னரே நன்கொடை. தன் தேவையைத் தானே இல்லாமற் செய்துகொள்ளும் உதவியே உண்மை உதவி. நம் ஊரில், நம் உறவில் நாம் கொடுக்கும்போதும் இந்த அளவுகோலையே கையில் எடுப்போமாக.