என் பொருள், என் இஷ்டம்

பணம் கொடுத்து வாங்கிய பொருளை நம் இஷ்டப்படி வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? 'இதென்ன கேள்வி, தாராளமாக உண்டு' என்றுதான் 2018-ஆம் வருஷம் வரையில் நானும் நினைத்திருந்தேன். அந்த வருஷம் ஒரு புது மடிக்கணினி வாங்கினேன். அதில் பழைய விண்டோஸ் 7-ஐப் போட்டே தீருவது என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு அவ்வளவு சுலபமாக என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எட்டு வருஷமாக ஒரே தட்டச்சு மென்பொருளில்தான் எழுதி வந்தேன். யூனிகோடு பரவுவதற்கு முந்திய காலத்து எழுத்துரு அதில் இருந்தது. அதை ஆக்கியவர்களே அதை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பாதி நாவல் அதில் கிடந்தது, இருநூற்றுச் சொச்சம் பக்கம். அந்த நேரம் பார்த்துப் பழைய பெட்டி உயிரை விட்டது. புதுப் பெட்டியில் இருந்தது விண்டோஸ் 10. கோப்பைத் திறந்தேன். என் கதாநாயகி அழ வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் டாலர் குறிகளும் ஆச்சரியக்குறிகளும் அணிவகுத்து நின்றன. மென்பொருளோ புது இடத்தில் கால் வைக்கவே மறுத்தது.

எங்கள் தெருமுனையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞரிடம் போனேன்.

"இதிலே பழசைப் போட்டுக் கொடுங்க தம்பி" என்றேன்.

"போடலாம் சார். ஆனா லேசில் உள்ளே வராது" என்றார் அவர்.

வரவில்லைதான். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். அது பிறந்த பிறகு புழக்கத்துக்கு வந்த சங்கதிகள் பல இந்தப் பெட்டிக்குள் இருந்தன. யு.எஸ்.பி. துளைகள் எல்லாம் 3.0 வகை. அவற்றோடு பேசும் பாஷை பழைய தளத்துக்குத் தெரியாது. செருகிய மவுஸ் அசையவில்லை. அதைவிட வேடிக்கை, எந்தப் பென் டிரைவில் ஏறி அது வந்ததோ, அந்தப் பென் டிரைவையே உள்ளே வந்த பிறகு அதனால் அடையாளம் காண முடியவில்லை. பெட்டிக்குள் இருந்த வட்டு என்.வி.எம்.இ. என்ற புது ரகம். அதுவும் அதன் கண்ணில் படவில்லை. தம்பி சளைக்கவில்லை. வேண்டிய டிரைவர்களைத் தேடிப் பிடித்து நிறுவும் கோப்புகளுக்குள்ளேயே சேர்த்தார். 'செக்யூர் பூட்' என்ற காவலை அணைத்தார். பழைய முறையில் துவங்கும்படி அமைப்பை மாற்றினார். இரண்டு மாலைகள் போயின. இரண்டாம் நாள் இரவு பழகிய முகப்பு எழுந்து வந்தது. என் கதாநாயகி தமிழில் அழுதாள்.

நான் சந்தோஷத்தோடு பணத்தை எடுத்தேன். தம்பி வாங்கிக்கொள்ளவில்லை. திரையில் ஒரு வாசகத்தைக் காட்டினார். இந்தப் பிராஸசருக்கு இந்தத் தளத்தில் புதுப்பிப்புகள் கிடையாது என்பது அதன் பொருள். புதிய தலைமுறைப் பிராஸசர்களுக்கு இனி விண்டோஸ் 10-தான் என்று மைக்ரோசாஃப்ட் 2016 ஜனவரியிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. படிக்காதது என் தப்பு.

"போகட்டும் தம்பி. என் பொருள், என் இஷ்டம். பூட்டில்லாத வீட்டிலே குடியிருந்தா அது என் பாடு."

"உங்க பாடு மட்டும் இல்லை சார். போன வருஷம் மே மாசம் நடந்தது ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஆனால் அது எனக்குச் சம்பந்தப்பட்டது என்று தோன்றியிருக்கவில்லை. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற விஷமம் கிளம்பியது. கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. யாரும் எதையும் திறந்து பார்க்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானே தாவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் குறித்திருந்த நேரங்கள் ரத்தாயின. அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் சிலரை வேறு மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 போட்டவை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமோ இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்களின் வழியாகத்தான் அது ஊர் சுற்றியது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டைப் பூட்டாமல் படுப்பது என் பாடு என்று சொன்னேன். பூட்டாத என் வீட்டுக் கொல்லை வழியாகத் திருடன் பக்கத்து வீட்டுக்குள் இறங்கினால்? அதுவும் என் பாடுதானா? பெட்டி என்னுடையது, சரி. அது கோத்துக்கொண்டிருக்கிற வலை என்னுடையது அல்லவே!

இவ்வளவுக்கும் நியாயம் முழுவதும் ஒரு பக்கம் இருந்தது என்று சொல்லமாட்டேன். அதே விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரி 14 வரையில் பாதுகாப்போம் என்று ஒரு வாக்கு இருந்தது. பழைய பிராஸசர் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது, புதிது வாங்கியவனுக்குக் கிடைக்கவில்லை. 'ஒவ்வொரு புது எந்திரத்திலும் ஒவ்வொரு பழைய தளத்தையும் சோதித்துக்கொண்டிருக்க முடியுமா?' என்று ஆக்குகிறவன் கேட்டால் அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவனுடைய கடமை எங்கே முடிகிறது என்ற வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் என் கடமையை நான் தொடங்குவேன் என்பது நொண்டிச் சாக்கு.

இன்னொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. 2010-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.யை விட்டு இதே விண்டோஸ் 7-க்கு வந்தபோது, 'பழசைப் போல வருமா!' என்று வாரக்கணக்கில் புலம்பியவன் நான்தான். ஆகவே நான் கட்டிக் காத்தது பழமையை அல்ல, என் கைப்பழக்கத்தை. அதற்கு விசுவாசம் என்று பெரிய பெயர் சூட்டியிருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போய், "எடுத்துடுங்க தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. புதிய தளத்தையே திரும்பப் போட்டு, அதற்குள் ஒரு பாவனைக் கணினியை உண்டாக்கி, விண்டோஸ் 7-ஐ அதில் குடிவைத்தார். அதற்கு வலையோடு தொடர்பே கிடையாது. புது வீட்டில் பாட்டிக்கு ஓர் அறை ஒதுக்கினாற்போல. இந்த முறை பணத்தை வாங்கிக்கொண்டார்.

அந்த அறையிலிருந்து நாவலை யூனிகோடுக்கு மாற்றினேன். பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிறபடி மூன்று துண்டுகள்: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில். அதன் பின்னால் ஒரே உயிர்க்குறி. மாற்றியபோது சில இடங்களில் கொம்பு ஓரெழுத்துத் தள்ளி உட்கார்ந்துகொண்டது. இருநூறு பக்கத்தையும் வரிவரியாகத் திருத்த வேண்டியதாயிற்று. திருத்தத் திருத்த, என்னுடையது என்று நான் பயந்து காத்தது அந்த வரிகளைத்தான் என்பது விளங்கியது. அவை இடம் மாறியும் பிழைத்தன. முப்பது பக்கம் தேவையில்லை என்றும் தெரிந்தது, எடுத்துவிட்டேன்.

கதை இதோடு முடியவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11-ஐப் போடலாமா என்று கேட்டேன். "உங்க பிராஸசர் ஏழாவது தலைமுறை சார். சில விதிவிலக்கு தவிர, எட்டாவதிலிருந்துதான் முறைப்படி ஏத்துக்கும்" என்றார் தம்பி. அன்று பழைய தளத்தைப் புதுப் பெட்டி ஏற்கவில்லை. இன்று பழைய பெட்டியைப் புதுத் தளம் ஏற்கவில்லை. இரண்டு முறையும் நடுவில் நின்றவன் நான்.

ஆனால் இந்த முறை 'என் பொருள், என் இஷ்டம்' என்று நான் சொல்லவில்லை. பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது; தூக்கி எறிய மனமில்லை. வலையிலிருந்து அதை அவிழ்த்துவிட்டேன். கதை எழுத ஊரோடு தொடர்பு வேண்டியதில்லை. கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, என் இஷ்டப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.