பிற்பகல் ஆசிரியர்

ஒவ்வொரு சீசனின் முதல் நாளும் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் தன் ஆட்டக்காரர்களை உட்காரவைத்து சாக்ஸ் போடக் கற்றுக்கொடுப்பார். குதிகாலிலும் சுண்டுவிரல் ஓரத்திலும் சிறு சுருக்கமும் இருக்கக் கூடாது. கையால் தடவிப் பார்த்து நீவிவிட வேண்டும். அதன் பிறகு ஷூ. லேஸை ஒவ்வொரு துளையிலும் இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போட வேண்டும். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆன லூ அல்சிண்டரும் பில் வால்ட்டனும் இந்த வகுப்பில் இருந்தவர்கள். பள்ளியிலேயே நாடறிந்த ஆட்டக்காரர்கள் அவர்கள். காலில் சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அவருடைய பாடம் இங்கிருந்துதான் தொடங்கியது. நான் இவரைப் பற்றித் தொடர்ந்து யோசிப்பதற்கு அதுவே காரணம்.

*

1910இல் இந்தியானாவில் பிறந்தவர். பண்ணை வீட்டில் மின்சாரம் கிடையாது. தந்தை தக்காளிக் கூடை ஒன்றின் அடிப்பகுதியை எடுத்துவிட்டுக் களஞ்சியச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். தாய் பழந்துணிகளை அடைத்துத் தைத்துப் பந்து செய்துகொடுத்தார். பிறகு பண்ணை கைவிட்டுப்போய், குடும்பம் மார்ட்டின்ஸ்வில் என்ற சிற்றூருக்கு வந்தது. அந்த ஊர்ப் பள்ளி 1927இல் மாநிலப் பட்டம் வென்றபோது வுடன் அணியில் இருந்தார். பர்டூ பல்கலைக்கழகத்தில் மூன்று முறை தேசிய நட்சத்திர அணியில் இடம்பெற்றார். 1932இல் பட்டத்துடன் வெளிவந்து ஆங்கில ஆசிரியர் ஆனார்.

கென்டக்கியின் டேட்டன் ஊர்ப் பள்ளியில் முதல் வேலை. அங்கே கூடைப்பந்து அணிக்கும் பயிற்சியளித்தார். முதல் ஆண்டு 6 வெற்றி, 11 தோல்வி. நாற்பது ஆண்டுப் பயிற்சி வாழ்க்கையில் அவர் அணி வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கண்டது அந்த ஒரே சீசனில்தான்.

அந்த நாட்களில் அவரை உறுத்தியது வேறொன்று. மதிப்பெண் குறைந்ததற்காகத் தம் பிள்ளைகளையும் ஆசிரியரையும் குறை சொல்லும் பெற்றோர். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்த பிள்ளைக்கு நடுத்தர மதிப்பெண்தான் வருமென்றால் அது தோல்வியா? அடுத்தவரைவிடச் சிறந்தவனாக முயலாதே, உன்னால் முடிந்த அளவு சிறந்தவனாக இருப்பதை நிறுத்தாதே என்று தந்தை சொல்லிவந்ததை வைத்துக்கொண்டு, 1934இல் வெற்றி என்பதற்குத் தனக்கென ஒரு வரையறை எழுதிக்கொண்டார்: முடிந்ததைச் செய்தோம் என்று தெரிவதால் வரும் மன அமைதி. அதை விளக்க ஒரு பிரமிடு வரைந்தார். பதினைந்து கட்டங்கள். அது முடிய 1948 ஆயிற்று.

பிரமிடு இன்று அலுவலகச் சுவர்களில் தொங்குகிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர் தன் கேள்வியைப் பதினான்கு ஆண்டுகள் விடாமல் வைத்திருந்ததுதான் மனத்தில் நிற்கிறது.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள். 1947இல் அவர் அணிக்குக் கான்சாஸ் நகரில் நடந்த தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அங்கே கறுப்பினத்தவர் ஆட அனுமதி இல்லை. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். அவர் முன்னணி ஆட்டக்காரர் அல்ல, மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவர். வுடன் அழைப்பை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு தடை நீங்கியது. அணி போனது, வாக்கரும் ஆடினார், இறுதி ஆட்டத்தில் லூயிவில்லிடம் தோற்றார்கள். நட்சத்திர ஆட்டக்காரருக்காக அணியையே நிறுத்திவைப்பது புரிகிறது. பெஞ்சில் இருப்பவருக்காக நிறுத்தியதில்தான் இந்த மனிதர் எனக்குத் தெளிவாகத் தெரிகிறார்.

*

1948இல் அவர் போக விரும்பிய இடம் மினசோட்டா. குறித்த நேரத்தில் அங்கிருந்து தொலைபேசி வரவில்லை. பனிப்புயலில் இணைப்பு அறுந்திருந்தது. அதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் அழைத்தது, ஒப்புக்கொண்டார். பின்னர் மினசோட்டா அழைத்தபோது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

வந்த இடத்தில் பயிற்சிக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ் மாணவர்களும் அதே இடத்தில் பயில்வார்கள். காற்றோட்டம் கிடையாது. பயிற்சிக்கு முன் வுடனும் உதவியாளர்களும் தரையைப் பெருக்கித் துடைப்பார்கள். 1965இல் பாலி அரங்கம் திறக்கும்வரை இப்படித்தான்.

அவருடைய முதல் தேசியப் பட்டம் 1964. வந்து சேர்ந்த பதினாறாவது சீசன்.

இந்தப் பதினாறு ஆண்டுகளிலேயே என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது. 1963இல் அவருக்கு 52 வயது. அந்த வசந்தத்தில் வேலையை விட்டிருந்தால், கலிபோர்னியாவில் நல்ல அணிகளை உருவாக்கிய ஒழுங்கான கோச் என்ற அளவில் பெயர் நின்றிருக்கும். சாக்ஸ் வகுப்பு அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. தரையும் துடைக்கப்பட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் பட்டங்களை வைத்து அதற்கு முந்தைய ஆண்டுகளைக் காத்திருப்பு என்று படிக்கிறோம். அவர் யாருக்காகவும் காத்திருந்ததாகத் தெரியவில்லை. அன்றன்றைய பிற்பகலில் பாடம் நடத்தினார்.

1964 அணியில் முதல் ஐவரில் ஒருவர்கூட ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் இல்லை. வால்ட் ஹசார்டும் கெயில் குட்ரிச்சும் பந்தைக் கையாள, எதிரணியைக் கோர்ட் முழுக்க நெருக்கும் பிரஸ் தடுப்பாட்டத்தைக் கொண்டுவரலாம் என்று துணைப் பயிற்சியாளர் ஜெரி நார்மன் வற்புறுத்தினார். வுடன் இசைந்தார். 30 ஆட்டம், 30 வெற்றி. தலைவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று எழுதுபவர்கள் நார்மனை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம்.

அதன்பின் நடந்தது பலரும் அறிந்தது. 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள், அவற்றில் 7 தொடர்ச்சியாக. 88 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல்.

*

அவருடைய கடைசி சீசனில், 1974–75இல், ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய 15 பயிற்சிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து, அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் வகைபிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 கற்பித்தல் செயல்கள். அவற்றில் முக்கால் பங்கு வெறும் தகவல்: காலை எங்கே வைப்பது, பாஸை எப்போது விடுவது, எவ்வளவு விரைவாக. பாராட்டு 7 சதவீதத்தை எட்டவில்லை. அதிருப்தியும் ஏறக்குறைய அதே அளவு.

ஊக்க உரைகளை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றம் தரும். எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒருவர் தவறாகச் செய்தால் வுடன் பயிற்சியை நிறுத்துவார். சரியானதைச் செய்துகாட்டுவார், அந்த ஆட்டக்காரர் செய்த தவறை அப்படியே செய்துகாட்டுவார், மீண்டும் சரியானதைச் செய்துகாட்டுவார். மொத்தமும் சில நொடிகள். உடனே ஆட்டம் தொடரும். திட்டப்பட்டவருக்குத் தன்மேல் இரக்கப்பட நேரம் இல்லை. அடுத்த முறை என்ன செய்வது என்பது கையில் கிடைத்துவிடுகிறது. நானும் வகுப்பெடுத்திருக்கிறேன். நல்ல முயற்சி என்று சொல்லிவிட்டு நகர்வது எவ்வளவு எளிது, எங்கே பிசகியது என்று ஒரே வாக்கியத்தில் காட்டுவதற்கு எவ்வளவு ஆயத்தம் வேண்டும் என்று தெரியும்.

அந்த ஆயத்தம் காலையில் நடந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்காக அவரும் துணைவர்களும் சுமார் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திட்டமிடுவார்கள். எந்தப் பயிற்சி எத்தனை நிமிடம் என்று சிறு அட்டைகளில் எழுதி எடுத்துவருவார். முந்தைய ஆண்டுகளின் குறிப்புகளும் பத்திரமாக இருந்தன. இதே வாரத்தில் போன ஆண்டு என்ன செய்தோம், எது பலிக்கவில்லை என்று புரட்டிப் பார்ப்பார். அணி ஜெயித்துக்கொண்டே இருந்தபோதும் பார்த்தார்.

*

ஆட்டம் தொடங்கியதும் தன் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம். டைம்-அவுட் கேட்பது அரிது. 1974 ஜனவரி 19 அன்று நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கோர்ட்டில் மூன்றரை நிமிடம் மீதமிருக்க 70–59 என்று முன்னணியில் இருந்தார்கள். கடைசி 12 புள்ளிகளையும் நோட்டர் டேம் எடுத்தது. 71–70. 88 ஆட்டத் தொடர் அங்கே நின்றது. கற்றுக்கொடுத்ததை நம்பி அமர்ந்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

அமைதியே உருவானவர் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சுருட்டிய தாளை வாயருகே பிடித்துக்கொண்டு நடுவர்களையும், சில வேளை எதிரணிப் பையன்களையும்கூடச் சீண்டுவார். அதற்காகப் பின்னாளில் வருந்தினார்.

இதைவிடக் கனமானது சாம் கில்பர்ட் விவகாரம். செல்வந்தரான அந்தக் கட்டடத் தொழிலதிபர் விதிகளை மீறி மாணவ ஆட்டக்காரர்களுக்கு உதவிகள் செய்துவந்தார். 1981இல், வுடன் ஓய்வுபெற்று ஆறாண்டு கழிந்த பின், யூ.சி.எல்.ஏ. தண்டிக்கப்பட்டு, கில்பர்ட்டை விலக்கிவைக்குமாறு உத்தரவிடப்பட்டது. அந்த உதவிகள் வுடன் காலத்திலேயே தொடங்கிவிட்டன என்று பத்திரிகைகள் எழுதின. தன் மனசாட்சி தெளிவாக இருக்கிறது என்றார் வுடன். சாக்ஸ் சுருக்கத்தைத் தவறவிடாத கண்ணுக்கு இது எப்படித் தட்டுப்படாமல் போனது? அவர்மேல் எனக்குள்ள மதிப்பு இந்தக் கேள்வியை அழிக்கவில்லை. கேள்வியும் மதிப்பை அழிக்கவில்லை.

*

1975இல் அரையிறுதியில் எதிரே லூயிவில் அணியுடன் நின்றவர் அவருடைய பழைய மாணவர் டெனி கிரம். கூடுதல் நேரத்தில் 75–74. உடைமாற்றும் அறையில், அடுத்ததே தன் கடைசி ஆட்டம் என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னார். சான் டியேகோவில் நடந்த இறுதியில் கென்டக்கியை 92–85 என்று வென்றார்கள். பத்தாவது பட்டம். அரங்கிலேயே ஓர் ஆதரவாளர் அவரிடம் வந்து, போன ஆண்டு ஏமாற்றியதற்கு இது ஈடாகிவிட்டது என்றாராம்.

அதன்பின் 35 ஆண்டுகள் வாழ்ந்து, 99 வயதில், 2010இல் இறந்தார். ஆட்டங்கள் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: ஆட்டங்களுக்காக மனம் ஏங்கவில்லை, பயிற்சிக்காகத்தான் ஏங்குகிறது. கேட்டவர்கள் பலரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் தன் வேலை எது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றே நான் படிக்கிறேன்.