பேச்சும் மடலும்

திறந்த மூல மென்பொருள்களைச் சுற்றி இயங்கும் தொண்டர்களிடையே ஒரு பழைய தகராறு உண்டு. தடுமாறுகிற பயனாளிக்கு உரையாடல் அறையில் உடனுக்குடன் சொல்லிவிடுவதா, மடற்குழுவில் எழுதிவைப்பதா? 1988இல் ஐஆர்சி வந்ததிலிருந்து இது ஓய்ந்ததில்லை. வெறும் தொழில்நுட்பப் பிரச்னையாக இது எனக்குப் படவில்லை. பதில் யாருக்குக் கடன், எதிரில் நிற்பவனுக்கா, இனி வரப்போகிறவனுக்கா?

கரிசலில் இதை வேறு உருவத்தில் பார்த்திருக்கிறோம். 1923இல் இடைசெவலில் பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். ஊரில் இருந்தவரை பேச்சு, பிரிந்தபின் கடிதம். பேச்சு அவர்களோடு போயிற்று. கடிதங்கள் அச்சேறி, 1970இல் மறைந்த அழகிரிசாமியைப் பார்த்தேயிராதவர்களுக்கும் வந்து சேர்ந்தன. எழுத்துக்கே வெற்றி என்று முடித்துவிடலாம். எழுபதுகளில் கோவில்பட்டி காந்தி மைதானத்தில் ராத்திரி ராத்திரியாகப் பேசியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 'எனக்கு இது புரியவில்லை' என்று கூசாமல் சொல்ல அப்படியோர் இருட்டு வேண்டியிருக்கிறது.

கூச்சம்தான் விஷயம். மடற்குழுவில் கேட்கிறவன் தன் அறியாமையைத் தன் பெயரோடு ஆவணத்தில் ஏற்றிவிடுகிறான். லாபம் பின்னால் வருகிறவர்களுக்கு, புகழ் பதில் சொன்னவனுக்கு, விலை மட்டும் கேட்டவன் தலையில். ஆவணத்தைப் புனிதமாக்குகிற நண்பர்கள் இதைப் பேசுவதேயில்லை. ஆவணமும் சாசுவதமல்ல. மரத்தடி, ராயர் காபி கிளப் என்று (பேச்சிடங்களின் பெயர்களையே சூட்டிக்கொண்டு) தமிழ் மடற்குழுக்கள் நடந்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன.

அதற்காக உரையாடல் அறை போதும் என்பேனா? தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதுகிறவனுக்கு ஒழிகிற நேரமும் அறையில் ஆளிருக்கிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டுமே. தவிர, ஒரே கேள்விக்கு நூறாவது தடவை பதில் சொல்லும் தொண்டனின் அலுப்பு நூற்றோராவது ஆளின்மேல் எரிச்சலாக விழுகிறது. அவன் செய்த குற்றம் பிந்தி வந்தது.

கி.ரா.வின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982இல் வந்தது. சம்சாரிகளின் வாயோடு போய்க்கொண்டிருந்த சொற்கள் அதில் தங்கின. சொல்லைச் சொன்ன சம்சாரி பேனாவைத் தொட வேண்டியிருக்கவில்லை. எழுதும் பாரம் கேட்டவருடையது. மென்பொருள் அறையிலும், ஆள் போனபிறகு, பெயரை விட்டுவிட்டுக் கேள்வியையும் விடையையும் பதில் சொன்னவனே மடற்குழுவுக்கு எழுதிப் போடலாம். கூலியில்லாத வேலைக்குமேல் இன்னொரு கூலியில்லாத வேலை. அதற்குச் சம்மதிக்கிறவர்கள் சொற்பம். அறையா குழுவா என்று வாதிடுவது அதைவிடச் சுலபமாயிருக்கிறது.