நோயாளியின் சம்மதம்

ஒருவன் மனமொப்பி வேலையை விட்டான் என்று எப்போது சொல்லலாகும்? வெறும் தத்துவ விசாரமாகத் தோன்றும் இவ்வினாவுக்கு மாசாயில் வெள்ளிக் கணக்கில் விலை உண்டு.

ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வூரில் இன்று பாசிர் கூடாங் ஆலைகளை நம்பி வாழ்வோர் பலர். 20 ஆண்டு உழைத்த ஒருவனுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று என்று கொள்வோம். வாரம் 3 நாள் இரத்தச் சுத்திகரிப்பு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவனுக்கு ஆண்டொன்றுக்கு 22 நாள் நோய் விடுப்பும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாளும் சம்பளத்துடன் அளிக்கிறது. அவை தீர்ந்ததும் மேலாளர் அழைக்கிறார். சுடுசொல் ஏதுமில்லை, தமிழராயிருந்தால் "அண்ணே" என்றே விளிக்கிறார். "நீங்களே ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் கௌரவம், சொக்சோ பணமும் வரும்" என்கிறார். கௌரவம் என்ற சொல்லுக்கு மயங்குவதுபோல் நம்மவர் வேறெதற்கும் மயங்குவதில்லை!

அக்கடிதத்தின் விலை யாது? 1980-ஆம் ஆண்டுப் பணிமுடிவுப் பயன் விதிகளின்படி, மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்தில் 5 ஆண்டுக்குக் குறையாது உழைத்தவனை முதலாளி நீக்கினால், ஆண்டுக்கு 20 நாள் கூலி வீதம் தரவேண்டும். தானாக விலகியவனுக்கு அது இல்லை. நோயுற்றவனுக்கு இல்லையென்று விதி எங்கும் சொல்லவில்லை. 1,700 வெள்ளிச் சம்பளக்காரனுக்கு 20 ஆண்டுக் கணக்கு 400 நாள் கூலி. ஏறக்குறைய 22,000 வெள்ளி. 8 வார முன்னறிவிப்பும் உடன் போகிறது. சொக்சோவின் இயலாமை ஓய்வூதியமோ அவன் சந்தாக் கட்டிப் பெறும் உரிமை. அது வேறு கணக்கு.

இந்தியாவில் 1953-இல் வகுத்த ஆட்குறைப்பு இலக்கணம், தொடர் நோயால் நீக்கப்பட்டவனை வெளிப்படையாகவே ஒதுக்கிற்று. இங்கே விதி ஒதுக்கவில்லை; ஒதுக்கும் வேலையைக் கடிதம் செய்கிறது.

"ஆலை என்ன தருமசத்திரமா?" என்பார் முதலாளி. கேள்வி நியாயமே. வராத ஆளுக்கு ஆயுள் முழுதும் சம்பளம் கொடுக்கும்படி நாம் கேட்கவில்லை. நீண்ட நோய் வேலையை முடிக்கத் தக்க காரணமாகலாம் என்பதைத் தொழில் நீதிமன்றமும் ஒப்புகிறது. ஆயின் முடித்தவர் யார்? முடிவு முதலாளியுடையது, கையெழுத்து மட்டும் நோயாளியுடையது. மறுக்கக் கூடியவன் தருவதே சம்மதம். வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் எண்ணி, மறுத்தால் இன்னும் என்ன வருமோ என்று நடுங்குகிறவன் எழுதுவதற்கு அப்பெயர் பொருந்துமா? முன்னாளில் உழைக்க இயலாத தோட்டத் தொழிலாளரை இந்தியக் குடியேற்ற நிதிச் செலவில் கப்பலேற்றித் தாயகம் அனுப்பினர். அதுவும் கொடிதே, எனினும் அனுப்புகிறவர் யார் என்பதில் அங்கு மயக்கமில்லை.

வற்புறுத்திப் பெற்ற விலகலை நீக்கமாகவே தொழில் நீதிமன்றம் கொள்வதுண்டு. ஆனால் வற்புறுத்தலை மெய்ப்பிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில். அவன் கைப்பட எழுதிய கடிதமோ அவனுக்கெதிரான சாட்சி. 60 நாளுக்குள் முறையிடவும் வேண்டும். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்து, யாரைக் கேட்பதென்று விசாரித்து அறிவதற்குள் அந்நாட்கள் ஓடிவிடுகின்றன.