யாரும் இறங்க வேண்டாம்



விமானம் தரையில் வந்து நின்றதும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து, மேலே இருக்கும் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடுவழியில் நிற்பது. கதவு திறக்க ஐந்து நிமிடம் தாமதமானால் முணுமுணுப்பு, பத்து நிமிடம் ஆனால் சத்தம். நானும் அந்த வரிசையில் நின்று முணுமுணுத்தவன்தான்.

2010 நவம்பர் 4ஆம் தேதி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒரு விமானம் வந்து நின்றது. அது குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380, இரண்டு அடுக்கு விமானம். உள்ளே 469 பேர். நின்ற பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் யாரையும் கீழே இறக்கவில்லை. இறக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர் கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி.

அன்று காலை அங்கிருந்தே சிட்னிக்குப் புறப்பட்ட விமானம் அது. கிளம்பிச் சில நிமிடங்களில் இடப்பக்க இன்ஜின் ஒன்று வெடித்தது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. எரிபொருள் ஒழுகத் தொடங்கியது. விமானிகளுக்கு முன்னால் இருந்த திரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர்கள் அவசரமாகத் திரும்பித் தரையிறக்கவில்லை. வானத்திலேயே வட்டமடித்தபடி, ஒவ்வொரு எச்சரிக்கையாகப் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். கெட்டுப்போனவற்றை எண்ணிக்கொண்டிருந்தால் முடியாது என்று பட்டதும், இன்னும் எதெல்லாம் வேலை செய்கிறது என்று பார்க்கத் தொடங்கியதாகப் பின்னாளில் கேப்டன் சொன்னார்.

தரையிறங்கியபோது நான்கு கிலோமீட்டர் ஓடுபாதையில் மிச்சம் இருந்தது சுமார் 150 மீட்டர்தான். பிரேக்குகள் 900 டிகிரி வரை கொதித்தன. இடப்பக்கத்தில் எரிபொருள் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அதே பக்கத்தின் வெளி இன்ஜினை அணைக்கப் பார்த்தால், அது அணையவே இல்லை. கம்பிகள் அறுந்துபோயிருந்தன.

இந்த நிலையில் உங்களையும் என்னையும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? கதவைத் திற, எல்லாரையும் வெளியே தள்ளு என்றுதான். ஆனால் அவசரக் கதவைத் திறந்தால் விரிவது காற்றடைத்த சறுக்குமரம். மேல்தளத்திலிருந்து அது இரண்டு மாடி உயரம். பெரியவர்கள், குழந்தைகள், நடக்க முடியாதவர்கள் எல்லாரும் அதில் விழுந்து இறங்க வேண்டும். கீழே எரிபொருள், வழுக்கும் நுரை, பக்கத்தில் ஓடும் இன்ஜின். உள்ளே இருப்பதே அப்போதைக்குப் பத்திரம் என்று தீர்மானித்தார்கள். ஆனாலும் கதவுகளுக்குப் பக்கத்தில் பணியாளர்கள் தயாராக நின்றார்கள். தீ என்று ஒரு சொல் வந்தால் அடுத்த நொடியே திறக்க. தீயணைப்பு வீரர்கள் எரிபொருள்மேல் நுரை அடித்த பிறகு, வலப்பக்கம் ஒரே ஒரு படிக்கட்டு வந்தது. அதன் வழியாக வரிசையாக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

பொறுப்பில் இருக்கும்வரை விமானத்தைப் பற்றிய இறுதி முடிவு கேப்டனுடையது. இது சர்வதேச விதி. ஆனால் விதி கொடுத்த அதிகாரத்துக்காக மட்டும் ஒருவரை நம்பிவிட முடியுமா? முடியாது என்பதற்கு 1977ஆம் ஆண்டு மார்ச் 27 சாட்சி. ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றை அனுமதி கிடைக்கும் முன்பே கிளப்பிய கேப்டன், தன் நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் படமாக வந்த முகம். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று பின்னால் இருந்த பொறியாளர் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அதற்குமேல் யார் கேட்பார்கள்? பெரியவர் சொல்லிவிட்டாரே.

அந்த விபத்தும் அதுபோன்ற வேறு சில விபத்துகளும்தான் விமானிகளின் பயிற்சியை மாற்றின. இளையவர் தயங்காமல் பேச வேண்டும், மூத்தவர் காது கொடுக்க வேண்டும் என்பது பாடத்திலேயே சேர்ந்தது.

இனி சிங்கப்பூருக்குத் திரும்புவோம். அன்று விமானி அறையில் இருந்தவர்கள் ஐந்து விமானிகள். மற்ற இன்ஜின்களும் நின்றுவிட்டால் மிதந்தபடியே வந்து இறங்கலாம், அதற்குக் கொஞ்சம் உயரம் வேண்டும், மேலே ஏறுவோம் என்று கேப்டன் நினைத்தார். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் விட்டுவிட்டார். முப்பது ஆண்டுக்கு மேல் விமானம் ஓட்டியவர், ஒரு ‘வேண்டாம்’ கேட்டு மனதை மாற்றிக்கொண்டார். எனக்கு அந்தத் தரையிறக்கத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

பயணிகள் முனையத்துக்குப் போனதும் கேப்டனும் அங்கே போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அழையுங்கள் என்று தன் சொந்தக் கைபேசி எண்ணையும் கொடுத்தார்.

அணையாத அந்த இன்ஜின்? கடைசிப் பயணி இறங்கிப் போன பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. தரையிறங்கி மூன்று மணி நேரம் ஆகி, நுரையும் தண்ணீரும் அடித்துத்தான் அதை நிறுத்தினார்கள்.